பின்சீட்டுக் கை

ஞாயிற்றுக்கிழமை. பாலைக் காய்ச்சினேன். பொங்குவதற்குள் இறக்கினேன். காப்பி கலந்து நின்றபடியே குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். சவரம் செய்தேன். காதுக்குக் கீழே கொஞ்சம் விட்டுப்போனது, திரும்பச் செய்யவில்லை. முழுக்கைச் சட்டை, பருத்தித் தொப்பி, தண்ணீர் பாட்டில். காஸை மூடினேன். கதவைப் பூட்டி ஒரு தரம் இழுத்துப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“கிளம்பியாச்சா?”

“ஆச்சு.”

அவருக்கு இதற்கு மேல் கேட்கத் தெரியாது. அதனால் அவரை எனக்குப் பிடிக்கும்.

ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுபாதை ஒன்று இருக்கிறது. பாதி சிமெண்ட், பாதி புல். அதன் ஓரத்தில் தகரக் கொட்டகை. கதவு கனம், இரண்டு பேர் தள்ளினால்தான் நகரும். உள்ளே கிளைடர்கள் ஒன்றின் இறக்கைக்குக் கீழே இன்னொன்றின் வால் போகிற மாதிரி அடுக்கி நிற்கும். முதலில் வந்தவர்கள் அவற்றை வெளியே உருட்டி, இறக்கையில் படிந்த தூசியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அன்றைக்கும் துடைத்தேன். துணியை முறுக்கிப் பிழிந்தேன். மறுபக்கத்து இறக்கையைத் துடைத்தேன்.

கிளைடர் என்றால் எஞ்சின் இல்லாத விமானம். ஓடுபாதையின் மறுகோடியில் வின்ச் என்று ஒரு வண்டி நிற்கும். அது நீளமான கம்பியை விர்ரென்று சுருட்டும். கம்பியின் இந்த முனையில் கிளைடர். பட்டம் விடுகிற மாதிரிதான். உச்சிக்குப் போனதும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். அதன் பிறகு காற்றும் நாமும். காற்று தூக்கினால் மேலே இருக்கலாம். தூக்காவிட்டால் வந்து இறங்க வேண்டியதுதான்.

அங்கே கற்றுக்கொடுப்பவர் என் மச்சான். என் மனைவியின் அண்ணன். கிளப்பில் எல்லோரும் அவரை வாத்தியார் என்பார்கள்.

என் மனைவி போன மழைக்காலத்தில் இறந்தாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார்கள். அதற்கு மேல் விளக்க அவர்களுக்கு நேரமில்லை. கேட்க எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் மச்சான் ஒன்றையே சொன்னார். “அடுத்த வாரம் தனியாப் பறக்க இருந்தா. அதுக்குள்ள இப்படி ஆயிருச்சு.” கேட்டவர்கள் அழுதார்கள். நான் நாற்காலிகளை எடுத்துப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அடுத்த வாரத்தை நான் ரொம்ப நாளாக அறிவேன். எங்கள் வீட்டில் அது கூடவே குடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வருவாள். முகமெல்லாம் வெயில். ஷூவைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்காருவாள். தட்டு ஓடுபாதை, தண்ணீர் ஜக்கு கொட்டகை, அவள் கை கிளைடர். கையைச் சாய்த்து, திருப்பி, தட்டின் விளிம்பில் மெதுவாகக் கொண்டுவந்து இறக்குவாள்.

“இன்னைக்கு நானே இறக்கினேன். பூ மாதிரி.”

“அப்புறம் ஏன் தனியா விடல?”

“அடுத்த வாரமாம்.”

இரண்டு வருடமாக அடுத்த வாரம்.

துக்கம் வந்தால் சிலர் குடிப்பார்கள், சிலர் ஊரை விட்டுப் போவார்கள். நான் மச்சானிடம் போய், எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்றேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். தங்கையின் நினைவுக்காக வருகிறேன் என்று நினைத்துக்கொண்டார். என் கணக்கு வேறு. அவளுக்குக் கொடுக்காததை அவரிடமிருந்து நான் வாங்கிவிட வேண்டும். பின்சீட்டில் ஆளில்லாமல் ஒரே ஒரு முறை மேலே போய் இறங்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கப்போவதில்லை. ஆபீசில் நான் குடிநீர்க் குழாய் வரைபடங்களைச் சரிபார்க்கிறவன். எதை ஆரம்பித்தாலும் எங்கே போய் முடிகிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

முதல் பாடத்தில் என்னை முன்சீட்டில் உட்காரவைத்து வாரால் இறுக்கிக் கட்டினார். அவர் பின்சீட்டில். அவருக்கு என் பிடரி தெரியும். எனக்கு அவர் குரல் மட்டும் கேட்கும்.

“ஸ்டிக்கை உடும்புப் பிடி பிடிக்காதீங்க மாப்பிள்ளே. ரெண்டு விரல் போதும். பேனா புடிக்கிற மாதிரி.”

“பேனா புடிச்சே பல வருஷம் ஆச்சு மச்சான். ஆபீஸ்ல மவுஸ்தான்.”

“அப்ப மவுஸ் மாதிரியே புடிங்க. அதைக் கொன்னுடாதீங்க.”

இரண்டு சீட்டிலும் கிளைடரைத் திருப்பக் கைக்கு ஒரு ஸ்டிக், காலுக்குப் பெடல் உண்டு. ஒரு சீட்டில் அசைந்தால் மற்றதிலும் அசையும். அதனால் யார் ஓட்டுகிறார்கள் என்பதை வாயால் சொல்லிக்கொள்ள வேண்டும். கொடுப்பவர் ‘உங்க கையில’ என்பார். வாங்குபவர் ‘என் கையில’ என்பார். சொல்லாமல் கைமாறக்கூடாது. இது சட்டம். அவர் கற்றுக்கொடுத்த முதல் விஷயமே இதுதான்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு எல்லாவற்றையும் நானும் செய்தேன். முன்னால் இருக்கும் மீட்டர் முட்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வெளிய பாருங்க. டிவி பார்க்கவா வந்தீங்க?”

கண்ணாடி மூடியின் வெளிப்பக்கம் ஒரு துண்டுக் கம்பளி நூல் ஒட்டியிருக்கும். நேராக நின்றால் ஒழுங்காகப் பறக்கிறோம் என்று பொருள். என் கையில் அது ஒரு நாளும் நேராக நின்றதில்லை. தரை நெருங்குகிறதே என்று பயந்து ஸ்டிக்கை இழுப்பேன்.

“இழுக்காதீங்க. இழுத்தா வேகம் போயிரும். வேகம் போனா இறக்கை காத்தைப் பிடிக்காது. மூக்கைக் கீழ தள்ளுங்க.”

“விழுறவன் இன்னும் கீழ தள்ளணுமா?”

“ஆமா. அப்பத்தான் விழமாட்டீங்க.”

“நல்ல நியாயம்.”

“நியாயம் இல்ல மாப்பிள்ளே, காத்து.”

நல்ல வாத்தியார்தான். அதை மறுக்கமாட்டேன். பொறுமைசாலி. ஒரே விஷயத்தைக் குரல் உயர்த்தாமல் பத்துத் தரம் சொல்வார். ஓரளவு திருப்பக் கற்றுக்கொண்டேன். நேராகப் போகக் கற்றுக்கொண்டேன். பிறகு இறங்கப் பழகினோம்.

“உங்க கையில.”

“என் கையில.”

தரை எழும்பி வரும். எப்போது மூக்கைத் தூக்குவது என்று நான் யோசிக்கும்போதே ஸ்டிக் அரை விரல் பின்னால் வரும். நான் இழுத்ததா, அதுவே வந்ததா என்று தெரியாது. சக்கரம் சத்தமில்லாமல் தொடும்.

“பிரமாதம். பூ மாதிரி இறக்கினீங்க.”

“நான் இறக்கினேனா?”

“பின்ன யாரு?”

அந்த ஞாயிறும் அப்படித்தான் இறங்கினோம். ஓடுபாதை ஓரத்தில் பல் டாக்டர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. வாரம் முழுக்கப் பல் பிடுங்குவார், ஞாயிற்றுக்கிழமை பறப்பார். எனக்கெல்லாம் முன்பே தனியாகப் பறந்தவர். அப்போது வேறு வாத்தியார் இருந்தாராம். கிளைடர் கிளம்பும்போது இறக்கை தரையில் உரசாமல் ஒருவர் நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும். அன்றைக்கு அந்த வேலை அவருக்கு. மச்சான் தண்ணீர் குடிக்கப் போனதும் என்னிடம் வந்தார்.

“யாரு இறக்கினது?”

“நான்தான்னு சொல்றார்.”

“என் க்ளினிக்ல குழந்தைங்ககிட்ட நானும் அப்படித்தான் சொல்வேன். நீயே புடுங்கிட்டியேடா கண்ணா, சமத்துன்னு. குறடு என் கையில இருக்கும்.”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு மெதுவாக நின்றது.

“அவளுக்கும் இப்படித்தானா டாக்டர்?”

அவர் இறக்கையின் நுனியைத் தடவினார். அங்கே தூசி எதுவும் இல்லை.

“அவரு அவளை ஒரு தடவைகூட விட்டதில்ல. பின்சீட்டுல கை எப்பவும் ஸ்டிக்மேலதான். கீழ நின்னு பார்க்கிற எங்களுக்கு எல்லாம் தெரியும். அவளுக்குத் தெரியாது.”

“யாரும் சொல்லலியா?”

“அவ்வளவு சந்தோஷமா இறங்கி வருவா. எப்படிச் சொல்றது?”

“வாயாலதான்.”

தண்ணீர் குடித்துவிட்டு மச்சான் வந்தார். ‘என்ன ரகசியம்?’ என்றார். பல் சொத்தை என்றேன்.

ஆக, எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்த அத்தனை இறக்கங்களும் பொய். தட்டும் தண்ணீர் ஜக்கும் மட்டும் நிஜம். அவள் மட்டும்தான் அதை நம்பியிருக்கிறாள், ஓடுபாதையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது. நானும் நம்பினேன். என்னைச் சேர்த்தால் இரண்டு பேர்.

அதற்கடுத்த ஞாயிறு நல்ல வெயில். காற்று தூக்கியது. ரொம்ப நேரம் மேலே இருந்தோம். திரும்பலாம் என்று ஓடுபாதையை நோக்கி நேராகத் திருப்பியதும் மச்சான் சொன்னார்.

“உங்க கையில.”

“என் கையில.”

அடுத்த நொடியே ஸ்டிக்கில் அந்த அசைவு. இடப்பக்கம் ஒரு இம்மி, வலப்பக்கம் ஒரு இம்மி. கொடுத்துவிட்டேன் என்று சொன்ன கை அங்கேயேதான் இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. நீயே ஓட்டிக்கொள் என்று நினைத்தேன். கையை எடுத்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டேன். காலையும் பெடலிலிருந்து இழுத்துக்கொண்டேன்.

“ஒண்ணு கேக்கணும் மாப்பிள்ளே.”

“கேளுங்க.”

“கடைசியா அவ என்ன சொன்னா? நீங்கதான பக்கத்துல இருந்தீங்க.”

இதை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அத்தை, அவள் அம்மா, வாரம் தவறாமல் போனில் கேட்பார். ஆபீசில் ஒருவர் டீ குடிக்கும்போது கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் ஒரே பதில். மச்சான் மட்டும் கேட்டதில்லை. இத்தனை மாதம் கழித்து என் பிடரியைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார்.

“என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?”

காற்றுச் சத்தம் மட்டும். கம்பளி நூல் கோடு கிழித்த மாதிரி நேராக நின்றது. நன்றாகத்தான் ஓட்டுகிறார் என்று நினைத்தேன். கீழே ஒரு செங்கல் சூளை மெதுவாக நகர்ந்து போனது. ஒரு கால்வாய். அப்புறம் வலது இறக்கை தாழ்ந்தது. தாழ்ந்தபடியே இருந்தது.

“மாப்பிள்ளே, இறக்கையைத் தூக்குங்க.”

“நீங்கதான ஓட்டுறீங்க?”

“நானா? உங்க கையிலன்னு சொன்னேனே!”

“சொன்னீங்க. விட்டீங்களா?”

“என் கையில!” என்று கத்தினார். இறக்கை எழுந்தது.

பிறகுதான் புரிந்தது. கேள்வி கேட்பதற்காக அவர் கையை எடுத்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவோ என்னவோ. நானும் அதே நேரத்தில் எடுத்திருக்கிறேன். எவ்வளவு நேரம் யாரும் ஓட்டவில்லை என்று தெரியாது. அதுவரை கிளைடர் ஒழுங்காகத்தான் போனது. எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாக.

இறங்கியதும் வார் அவிழ்ப்பதற்கு முன்பே கத்த ஆரம்பித்தார்.

“அறிவிருக்கா உங்களுக்கு? மேல வெச்சுக் கையை எடுப்பாங்களா?”

“நீங்க எடுக்க மாட்டீங்கன்னு நம்பித்தான் எடுத்தேன். உங்களுக்குத்தான் அந்தப் பழக்கமே கிடையாதே.”

“என்ன சொல்றீங்க?”

“அவளுக்கும் ஒரு நாளும் விடலியாமே.”

பல் டாக்டர் வேறு பக்கம் பார்த்தார். வயர்லெஸ்ஸில் வின்ச்காரர் குரல் வந்தது. “அடுத்ததை இழுக்கலாமா, இல்ல குடும்பச் சண்டை முடியட்டுமா?” மச்சான் முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றியது. தோன்றியதும் சொல்லிவிட்டேன்.

“என்னைத் தனியா விடுங்க. இறங்கி வந்ததும் அவ கடைசியா என்ன சொன்னான்னு சொல்றேன்.”

“அப்ப ஏதோ சொல்லியிருக்கா.”

“சொன்னா.”

“பேரம் பேசுறீங்களா மாப்பிள்ளே? அவளை வெச்சா?”

“ஆமா.”

அந்த ஆமா சுலபமாக வந்தது. வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னுடன் பறக்கவில்லை. ஞாயிறுதோறும் போனேன். இறக்கை துடைத்தேன். கிளைடர் தள்ளினேன். கம்பியை மாட்டினேன். இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஓடினேன். வாங்க, போங்க, தள்ளுங்க. அதற்கு மேல் பேச்சில்லை. வின்ச்காரர் என்னை ‘மருமகப் பையன்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். மாமனார் வீட்டில் முறைத்துக்கொண்டவன் மாதிரி இருக்கிறேனாம். அத்தை போனில், “ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லையாமே, அவ இருந்தா இப்படி நடக்குமா?” என்றார். நடக்காதுதான். அவள் இருந்தால் நான் அங்கே போயே இருக்க மாட்டேன்.

ஒரு ஞாயிறு மச்சான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

“வாங்க. ஏறுங்க.”

“இறங்குறப்ப ரெண்டு கையையும் தலைமேல வைக்கணும்.”

“யாரு?”

“நீங்கதான். டாக்டர் கீழ நின்னு பாக்கட்டும்.”

அவர் என்னை முறைத்தார். பல் டாக்டரை முறைத்தார். டாக்டர் கையைக் கண்ணுக்கு மேல் குடையாகப் பிடித்து, தயார் என்பது போல நின்றார்.

“உங்க கையில.”

“என் கையில.”

இந்த முறை ஸ்டிக் செத்தது போல இருந்தது. நான் அசைத்தால் அசைந்தது. இல்லாவிட்டால் இல்லை. தரை எழும்பி வந்தது. நான் தாமதமாக இழுத்தேன், பிறகு அதிகமாக இழுத்தேன். சக்கரம் தரையில் மோதி, எழும்பி, மறுபடி மோதி, தவளை மாதிரி தத்திக்கொண்டு போய் ஓடுபாதைக்கு வெளியே புல்லில் நின்றது. என் பற்கள் கிட்டிப்போயிருந்தன. பூவாவது, இலையாவது.

பல் டாக்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “ரெண்டு கையும் தலைமேல! போலீஸ்ல சரணடைஞ்ச மாதிரி உக்காந்திருந்தார். கால் என்ன பண்ணுச்சுன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.”

“காலையும் எடுத்துட்டேன் டாக்டர். சத்தியமா.” என்றார் மச்சான். இறங்கும்போது இறக்கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

அப்படியே சில வாரங்கள் போயின. அவர் கையைத் தலைமேல் வைத்துக்கொள்வார், நான் மோதுவேன். மோதுவது குறைந்தது. தவளை தத்துவது நின்றது. ஒரு நாள் மதியம், காற்று அடங்கியிருந்த நேரம், அவர் பின்சீட்டில் ஏறாமல் அதன் வார்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டினார். ஆளில்லாத வார் காற்றில் ஆடி ஸ்டிக்கில் மாட்டிக்கொள்ளக்கூடாது, அதற்காகக் கட்டுவது. அவர் குனிந்தபடியே பேசினார், வாரிடம் பேசுவது போல.

“இந்த வாரை அவளுக்காக நான் கட்டினதே இல்ல.”

“தெரியும்.”

“அவளுக்குத் தெரியுமா?”

முன்சீட்டில் என் வாரை இறுக்கிக்கொண்டே கேட்டேன்.

“விட்டா விழுந்துருவான்னு நெனச்சீங்களா மச்சான்?”

“இல்ல. நல்லா ஓட்டுவா. உங்களைவிட எவ்வளவோ நல்லா.”

“அப்புறம் என்ன?”

வாரை இன்னொரு சுற்று சுற்றினார். தேவையில்லாத சுற்று.

“விட்டுட்டா அப்புறம் நான் எதுக்கு? ஞாயித்துக்கிழமையானா அண்ணே அண்ணேன்னு வருவா. கல்யாணத்துக்கப்புறம் அது ஒண்ணுதான் மிச்சம். தனியாப் போயிட்டான்னா அப்புறம் யாரோ மாதிரி வந்து யாரோ மாதிரிப் போவா.”

“என்னை மட்டும் விடுறீங்க.”

“உங்களுக்கு ஒண்ணுன்னா நான் தாங்கிப்பேன் மாப்பிள்ளே.”

“நன்றி மச்சான்.”

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் போன பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது. கண்ணாடி மூடியைச் சாத்துவதற்கு முன் அவர் என் தோள் வாரை இழுத்துப் பார்த்தார்.

“வந்து சொல்லணும்.”

“சொல்றேன்.”

கம்பி இறுகியது. பல் டாக்டர் இறக்கையோடு ஓடி, விட்டார். பின்னால் ஆளில்லாததால் எடை குறைவு. கிளைடர் துள்ளிக்கொண்டு ஏறியது. வானம் தவிர எதுவும் தெரியவில்லை. உச்சியில் மஞ்சள் குமிழை இழுத்தேன். கம்பி கழன்று விழுந்தது. சத்தம் நின்றது.

“என் கையில” என்றேன். பழக்கம். கொடுத்தவர் யாருமில்லை.

இதற்குத்தான் இத்தனை மாதம். ஏதாவது வரும் என்று பார்த்தேன். அழுகையாவது வரும் என்று நினைத்தேன். கால்வாய் தெரிந்தது. தகரக் கூரைகள் தெரிந்தன. ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் யாரோ பந்து விளையாடினார்கள். தொலைவில் ஆஸ்பத்திரி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிகள், வரிசையாகக் காயப்போட்ட பச்சைத் துணிகள். எல்லாம் இருந்தது. அவள் இல்லை. கீழே இல்லாதவள் மேலே எப்படி இருப்பாள்? படித்தவன், இதைத் தெரிந்துகொள்ள மேலே வந்திருக்க வேண்டியதில்லை.

வாங்க வந்ததை வாங்கிவிட்டேன். அவளுக்குச் சேரவேண்டியது. அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லை. என் கையில் அதற்கு ஒரு உபயோகமும் இல்லை.

மிச்சம் இருந்தது கீழே சொல்ல வேண்டிய பதில். நடந்ததையே சொல்ல வேண்டும் என்று யாரும் என்னைக் கட்டாயப்படுத்த முடியாது. அந்த அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். சாய்ந்து ஒரு வட்டம் போட்டபடி யோசித்தேன். ‘அண்ணன்தான் எனக்குப் பறக்கக் கத்துக்கொடுத்தான்.’ இது கொஞ்சம் சினிமா. ‘அடுத்த வாரம் வரேன்னு அண்ணன்கிட்ட சொல்லு.’ இது நன்றாக இருந்தது. அவள் குரலே கேட்டது. இதைக் கொடுத்தால் அழுவார், பிறகு ஆயுசுக்கும் இதை வைத்துக்கொண்டு சுகமாக வாழ்வார். இன்னொன்றும் இருந்தது. ‘அவன் என்னை ஒரு நாளும் விடல, எனக்குத் தெரியும்.’ இதைச் சொன்னால் மனிதர் எழுந்திருக்க மாட்டார். இரண்டையும் தயாராக வைத்துக்கொண்டேன். எதைச் சொல்வது என்பது அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஓடுபாதைக்குத் திருப்பினேன். மூக்கைக் கீழே தள்ளினேன். தரை எழும்பி வந்தது. இழுத்தேன். ஒரு சின்ன தத்தல், அவ்வளவுதான். சக்கரம் உருண்டு நின்றது. வலது இறக்கை மெதுவாகச் சாய்ந்து புல்லில் படுத்தது.

பல் டாக்டர் தூரத்தில் நின்று கையைத் தட்டினார். மச்சான் ஓடிவந்தார். அந்த வயதுக்கு அந்த வெயிலில் ஓடியிருக்கக்கூடாது. மூடியைத் திறந்தார். பக்கத்தில் முழங்கால் போட்டார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

“நல்லா இறக்கினீங்க.”

“நான்தான் இறக்கினேன்.”

“ஆமா. நீங்கதான்.” மூச்சு வாங்கினார். “சொல்லுங்க.”

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. மூக்கு மட்டும் அவள் மூக்கு. நல்ல பொய்யைச் சொல்ல அவர்மேல் பிரியம் இல்லை. கெட்ட பொய்யைச் சொல்ல அன்றைக்கு வெறுப்பும் போதவில்லை.

“காலைல. நர்ஸ் ட்ரிப்பை மாத்திட்டுப் போயிட்டாங்க. கண்ணை மூடிப் படுத்திருந்தா. தூங்குறான்னு நெனச்சேன். என் போன் அணைஞ்சிருந்துச்சு. கட்டிலுக்குப் பின்னால ஒரே ஒரு பிளக். குனிஞ்சேன். கண்ணைத் திறக்காமலே சொன்னா.”

“என்னன்னு?”

“அது உங்களைப் பத்தி இல்ல மச்சான். என்னைப் பத்தியும் இல்ல.”

“பரவால்ல.”

“நான் பையைத் திறந்து தேடிட்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தப்ப மிஷின் கத்துச்சு. எல்லாரும் ஓடி வந்தாங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல.”

“என்ன சொன்னா மாப்பிள்ளே? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க. ஒரு வார்த்தை மாத்தாம.”

மாற்றாமல் சொன்னேன்.

“‘என் சார்ஜரைப் புடுங்காத. உன்னோடது பையில இருக்கு.’”